விளக்கெண்ணெய் முதல் டீடாக்ஸ் டீ வரை

முழுப்பரீட்சை முடிந்த மறுவாரமே எங்கள் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். விடிவதற்கு முன்பே ஆச்சி எழுப்பிவிடுவாள். லேசாகச் சூடு காட்டிய விளக்கெண்ணெய் ஒரு கரண்டி, அதன் மேல் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. "மூக்கப் பிடிச்சிக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிரு, மூச்சு விடாத" என்பாள். எண்ணெய் இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் கன்னத்தின் உட்புறம் மெழுகு பூசியதுபோல வழுவழுவென்று இருக்கும். எட்டு மணிக்குள் வயிறு முறுக்கத் தொடங்கும். பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர், புறவாசலில் கக்கூஸ் ஒன்றே ஒன்று. யார் முந்துவது என்பதில் அன்றைக்கு அண்ணன் தம்பி உறவெல்லாம் செல்லாது.

மத்தியானம் குழைய வடித்த சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். சாயங்காலம் ஒரு தம்ளர் மோர். "வயிறு சுத்தமாயிட்டு, இனி கவலையில்ல" என்று ஆச்சி சொல்லும்போது நாங்கள் துவைத்துப் போட்ட துணிபோலத் திண்ணையில் கிடப்போம்.

இப்போது அந்த விளக்கெண்ணெய்க் கரண்டி போய், டீடாக்ஸ் டீ, பச்சைச் சாறு, மூன்று நாள் ஜூஸ் பட்டினி என்று வேறு வேறு பெயர்களில் வந்திருக்கிறது. பருவம் மாறும்போதெல்லாம் 'உடம்பில் சேர்ந்த நச்சை வெளியேற்றுங்கள்' என்று கைப்பேசி நினைவூட்டுகிறது. இதில் எது பலன் தரும், எது வீண், எது ஆபத்து?

தேரையர் போட்ட பட்டியல்

பருவத்துக்கொரு சுத்தம் என்பது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதிப் பாடல்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்தும் சொல்கின்றன. பேதிக்குச் சாப்பிடுவதை நியாயப்படுத்துகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டையும் மறக்காமல் எடுத்துக்காட்டுவார்கள்.

அதே பட்டியலில் இருக்கும் மற்றவற்றை யாரும் சொல்வதில்லை. பசித்தால் மட்டும் சாப்பிடு, முதல் நாள் சமைத்த கறியைத் தொடாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மோரை நீர்க்கப் பெருக்கு, மலத்தையும் சிறுநீரையும் அடக்காதே, பகலில் தூங்காதே. வருஷத்தில் சில நாள் மட்டும் செய்யும் காரியங்களை விட அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டியவையே அதில் அதிகம். அன்றாடத்தை நாம் கைகழுவிவிட்டு, பேதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். உடல் சுத்தம் பற்றிய இன்றைய குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

உள்ளுக்குள்ளேயே ஒரு துப்புரவுப் பணி

நம் உடம்பு கழிவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எப்போது பேதி மருந்து வரும் என்று காத்திருப்பதில்லை. வலது விலாவுக்குக் கீழே இருக்கும் கல்லீரல் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை கொண்டது. புரதம் செரித்த பிறகு மிஞ்சும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது, மதுவையும் மாத்திரைகளையும் சிதைப்பது, வெளியேற வேண்டியதைப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புவது எல்லாம் அதன் வேலை. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் தேவையானதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. குடலின் உட்பூச்சு சில நாள்களுக்கு ஒருமுறை தானே உதிர்ந்து புதிதாகிறது. 'பல வருஷமாகக் குடலில் ஒட்டிக்கிடக்கும் அழுக்கு' என்று விளம்பரத்தில் காட்டுவது எங்கும் இல்லை.

நச்சே கிடையாது என்பதல்ல. ஈயம், பூச்சிக்கொல்லி, கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் எல்லாம் பெயர் தெரிந்த நஞ்சுகள். அவற்றுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் உண்டு, முறிவு மருந்தும் உண்டு. டீடாக்ஸ் பாக்கெட்டில் 'நச்சு' என்று மட்டும்தான் போட்டிருக்கும். எந்த நச்சு என்று போட்டிருக்காது.

புழுவுக்குப் பேதியா, மாத்திரையா?

அப்படியானால் ஆச்சி செய்தது மூடத்தனமா? அவள் கவலை வயிற்றுப் புழு. செருப்பில்லாத கால், வெளியே மலம் கழிக்கும் வழக்கம், மண்ணில் விளையாடும் பிள்ளைகள். கையில் இருந்த மருந்தோ விளக்கெண்ணெய் ஒன்றுதான். ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்த வீட்டுச் சரக்கு. அதிலிருக்கும் ரிசினோலிக் அமிலம் குடலின் தசையைத் தூண்டிச் சுருங்க வைக்கிறது. பேதியாவது அதனால்தான்.

ஆனால் பேதியில் புழு சாகாது. கொக்கிப்புழு குடல்சுவரை வாயால் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. எண்ணெய் வழுக்கிப் போகும், அது அங்கேயே இருக்கும். பிள்ளைக்கு இரத்தசோகை தொடரும், படிப்பில் கவனம் நிற்காது. இதற்கு இன்றைய பதில் அல்பெண்டசோல். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-ல் தொடங்கியது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருஷத்துக்கு இரண்டு முறை, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி. நாள் குறித்து மருந்து கொடுக்கும் ஆச்சியின் வழக்கம் அப்படியே இருக்கிறது, மருந்துதான் மாறியிருக்கிறது. பருவத்துக்கொரு சுத்தம் என்ற பெயருக்கு முழுக்கப் பொருத்தமானது இதுதான்.

திருநெல்வேலியிலிருந்து போகும் இலை

டீடாக்ஸ் டீ பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் 'சென்னா' என்றிருக்கும். அது நம் நிலவாகை; சிலர் நிலாவரை என்பார்கள். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலத்தில் விளைந்து, திருநெல்வேலி சென்னா என்ற பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போகிற இலை. அங்கே அழகான பெட்டிக்குள் புகுந்து பல மடங்கு விலையில் திரும்பி வருகிறது.

மலச்சிக்கலுக்குச் சில நாள் எடுத்துக்கொள்ள நிலவாகை நல்ல மருந்து. அதையே டீ என்று நினைத்துத் தினமும் குடிக்கும்போதுதான் தொல்லை. பெருங்குடலைத் தூண்டி நீரையும் பொட்டாசியத்தையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. 'ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது' என்று எடை மெஷின் காட்டுவதில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டு நாள் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் தசை தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். மாதக்கணக்கில் பழகிவிட்டால், அது இல்லாமல் வெளிக்கே போகாது என்ற நிலைக்கும் வந்து நிற்பார்கள்.

பச்சைச் சாறும் பட்டினியும்

கீரையைக் கடைந்து சாப்பிட்டால் ஒரு கைப்பிடி. அதையே பச்சையாக அரைத்து, வடிகட்டிக் குடித்தால் ஒரு கட்டு முழுக்க உள்ளே போய்விடும். பசலை போன்ற கீரைகளில் ஆக்சலேட் அதிகம். அளவு மீறினால் அது படிகமாகச் சிறுநீரகத்தில் படியும். கேரளத்தில் கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பி இரும்பன்புளிக் காயைச் சாறு பிழிந்து குடித்த சிலருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. குழம்பில் இரண்டு காய் போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு வந்த வினையல்ல அது. தம்ளர் தம்ளராகக் குடித்ததால் வந்தது.

பட்டினிக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016-ல் நோபல் பெற்றது உண்மை. செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே தின்று புதுப்பித்துக்கொள்ளும் வழியை அவர் கண்டறிந்தது ஈஸ்ட் செல்களில். மனிதன் எத்தனை நாள் பட்டினி கிடக்கலாம் என்று அவர் அளவு சொல்லவில்லை.

நம் விரதத்தில் நல்லது இல்லையா? இருக்கிறது. ஏகாதசிக்கு ஒரு நாள் வயிற்றுக்கு ஓய்வு, மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை. புரட்டாசியில் ஒரு மாதம் காய்கறி. சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி. இவற்றின் பலன் நச்சு நீக்கத்தில் இல்லை. வாய் போன போக்கில் போகாமல், தட்டில் என்ன விழுகிறது என்று ஒருமுறை நின்று பார்க்க வைக்கின்றன. நொறுக்குத்தீனி குறையும், கீரை கூடும், இரவுச் சாப்பாடு சீக்கிரமாகும். உடம்பு லேசானதுபோல் தெரிவதற்கு அந்த ஒழுங்கே காரணம்.

இவர்கள் பேதி, பட்டினி பக்கம் போகவே கூடாது

கர்ப்பிணிகள் விளக்கெண்ணெய் குடிக்கக் கூடாது. கருப்பையையும் அது சுருங்க வைக்கும்.

கைக்குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டுவதையும், மூக்கில் எண்ணெய் ஊதுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். குளிப்பாட்டும் பாட்டியிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பேதியோ பட்டினியோ இருந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் வரலாம். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நீரிழப்பு சிறுநீரகத்தைத் தாக்கும். பேதியானால் வலிப்பு மாத்திரையும் கருத்தடை மாத்திரையும் உடம்பில் சரியாகச் சேராமலே போகலாம். முதியவர்களுக்கு ஒரே ஒரு நாள் பேதி போதும், கழிவறைக்குப் போகிற வழியில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிய.

எதிர்பாராமல் பேதி அதிகமானால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள். கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலைதட்டிய கரண்டி, குவித்து அள்ளக் கூடாது.

பருவத்துக்கு ஏற்ற சுத்தம்

கோடை: அக்னி நட்சத்திரத்தில் சிறுநீரகத்துக்கு வேண்டியது தண்ணீர். நீர்மோர், பழைய சோற்று நீராகாரம், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு எதுவானாலும் சரி. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் போகிறது என்று பொருள். கடும் மஞ்சளானால் உடனே ஒரு சொம்பு குடியுங்கள். சிறுநீரக நோயாளிகளும் இதய நோயாளிகளும் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

மழைக்காலம்: டைபாய்டும் மஞ்சள் காமாலையும் தண்ணீரில் வரும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு குறைந்தது ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். தெருவோரச் சட்னியைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்ன தேரையர் பட்டியல் இந்தப் பருவத்துக்கு அப்படியே பொருந்தும்.

பண்டிகையும் பனியும்: தீபாவளி லேகியத்தில் சுக்கும் மிளகும் திப்பிலியும் இருக்கின்றன, வயிற்றுக்கு இதம். ஆனால் லேகியம் இருக்கிறது என்ற தைரியத்தில் பத்து அதிரசம் கூடாது. எண்ணெய்க் குளியல் பனியில் வறண்ட தோலுக்கு நல்லது, உடம்பும் அசந்து தூங்கும். வியர்வையோ எண்ணெயோ நச்சை இழுத்து வருவதில்லை. அந்த வேலைக்குக் கல்லீரல் இருக்கிறது. கல்லீரலுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் மதுவை நிறுத்துவதும், இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதும்.

எல்லாப் பருவத்துக்கும்: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, கீரையும் 100 கிராம் பழமும் சொல்கிறது. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு அந்தக் கணக்கை எட்டாது. பொரியலைத் தொட்டுக்கொள்ளாமல் அள்ளிச் சாப்பிட்டால்தான் எட்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், நடை வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காய்கறியும் பழமும் நடையும் சரியாக இருந்தாலே பலருக்கு மலச்சிக்கல் குறைந்துவிடும்.

இதையெல்லாம் செய்தும் வயிறு சரியில்லையென்றால் இன்னொரு பேதியைத் தேடாதீர்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, கண் மஞ்சளிப்பது, வாரக்கணக்கில் மலம் கழிக்கும் பழக்கமே மாறுவது இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். 'உடம்பில் நச்சு சேர்ந்திருக்கு' என்று நினைத்துக் கஷாயம் குடித்த மாதங்களில் வளர்ந்துவிட்ட கட்டிகள் உண்டு.

வீட்டுக் காலண்டரில் பேதி மருந்துக்கென்று நாள் குறிக்கும் பழக்கம் இருந்தால், அதை அடித்துவிட்டு பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று எழுதி வையுங்கள். அன்றைக்கு உங்கள் பிள்ளை பள்ளிக்கு லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.