விறகு பிளத்தற்கேற்ற கோடரி

கொல்லிமலையின் 14 நாடுகளுள் தேவனூர் நாடும் ஒன்று. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள இம்மலை நாடுகளில் மார்கழி, தை மாதங்களிற் குளிர் மிகுதி. காப்பி, மிளகுத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழிப்பதாலும், மூப்படைந்த பலா முதலிய மரங்களாலும் குடியானவர்களுக்கு விறகு கிடைக்கின்றது. 2016-ஆம் வருஷத்தில் உஜ்வலா திட்டம் தொடங்கிய பின்னர்ச் சமையல் வாயு பல கிராமங்களுக்கு வந்துள்ளதாயினும், வெந்நீர் வைப்பதற்கும் குளிர் காய்வதற்கும் விறகின் உபயோகம் நீங்கிவிடவில்லை.

மரம் வெட்டும் கோடரியே விறகு பிளக்கவும் போதும் என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணத்தால் வேலை இரட்டிப்பாகின்றது; அன்றியும் கால்களில் வெட்டுக்காயம் நேர்கின்றது. காரவள்ளியிலிருந்து மலையேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடுங்காயம் பட்ட ஒருவரை அவ்வழியே சமவெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வது எளிதன்று. ஆதலின் தக்க கோடரியைத் தெரிந்தெடுத்தல் சிறு காரியமென்று கருதற்பாலதன்று.

வெட்டுதலும் பிளத்தலும்

மரத்தின் நார்கள் அடியிலிருந்து நுனிவரை நெடுக்காக ஓடுகின்றன. மரத்தை வீழ்த்தும்பொழுது அந்நார்களைக் குறுக்கே அறுக்கவேண்டும். அதற்கு மெல்லிய அலகும் மிகுந்த கூர்மையும் தேவை. விறகு பிளப்பதோ நார்களை அறுப்பதன்று. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதாகும். மெல்லிய கோடரி கட்டையில் ஆணிபோல் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அதை அசைத்து எடுப்பதிலேயே உழைப்பு வீணாகும். வாய்க்குப் பின்னால் இருபக்கமும் விரைவிற் பருத்து, ஆப்புப் போன்ற வடிவுள்ள கோடரியோ இருபுறமும் தள்ளுவதால், வாய் அடிவரை செல்லுமுன்பே கட்டை பிளந்துவிடும். பிளக்கும் கோடரிக்கு இப்பருமனே பிரதான லட்சணம்.

எடை

கனத்த கோடரியே நன்று என்பதும் தவறு. அடியின் வலிமை எடையையும் வேகத்தையும் பொறுத்தது. எடை இருமடங்கானால் வலிமை இருமடங்காகும். வேகம் இருமடங்கானாலோ நான்கு மடங்காகும். ஆகையால் ஒருவர் களைப்பின்றி விரைவாக வீசக்கூடிய எடையே அவருக்கு ஏற்றது. தேகபலமுள்ள ஆடவருக்குத் தலை 2 முதல் 2½ கிலோ வரை இருக்கலாம். பெண்மக்களும் இளைஞரும் 1½ கிலோவுக்குச் சற்று ஏறக்குறைய உள்ளதைக் கொள்வது நலம். வாங்குமுன் பத்துப் பன்னிரண்டு முறை ஓங்கிப் பார்த்தல் வேண்டும். கடைசி வீச்சிலும் கை நடுங்காதிருக்குமாயின் அவ்வெடை பொருத்தமானதே.

இரும்பின் பதம்

கொல்லர்கள் பலர் லாரியின் வில்பட்டையை உலையிலிட்டுக் கோடரி அடிக்கின்றனர். அது நல்ல உருக்கே. எனினும் தோய்ச்சல் சரியாயிருத்தல் வேண்டும். அரத்தை வாயின்மீது வைத்து இழுத்துப் பார்க்கவேண்டும். அரம் சிறிதும் பற்றாது வழுக்கினால் இரும்பு மிகக் கடினம்; கணுவில் பட்டவுடன் வாய் தெறிக்கும். அரம் எளிதில் ஆழமாகப் பற்றினால் மிக இளக்கம், வாய் மடங்கும். சிறிது முயன்றபின் பற்றுவதே நற்பதம். காம்பில்லாத தலையைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல் ஒலிக்கவேண்டும். ஒலி அடைத்திருப்பின் உள்ளே விரிசல் இருத்தல் கூடும், அதை வாங்கலாகாது.

காம்பு

காம்பு செய்வதற்கு உறுதியும் வளைந்து கொடுக்கும் தன்மையும் ஒருங்கேயுள்ள மரம் வேண்டும். தடசு, வெக்காலி என்னும் மரங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. நன்கு உலர்ந்த கட்டையை நாரோட்டத்தின் வழியே பிளந்து செதுக்கவேண்டும். வாளால் அறுத்த காம்பில் நார்கள் இடையில் முறிந்துபோவதால் அது விரைவில் ஒடியும். கணுவுள்ளது உதவாது. நீளம் 75 முதல் 90 சென்டிமீட்டர் வரை இருத்தல் நலம். குட்டைக் காம்பு அபாயமானது; குறி தவறினால் வாய் முழங்காலுக்குக் கீழே வந்து பாயும். நீண்ட காம்பானால் அது பெரும்பாலும் தரையிலோ அடிக்கட்டையிலோ தங்கிவிடும்.

தலை கழன்று பறத்தல் மற்றோர் ஆபத்து. மேலிருந்து செருகி நுனி பருத்து நிற்கும் காம்பாயின் வீச்சில் தலை மேலும் இறுகும். கீழிருந்து செருகும் காம்பாயின் நுனியில் ஆப்பு அறைதல் இன்றியமையாதது. தளர்ந்த காம்பை நீரில் ஊறவைப்பது பலருடைய வழக்கம். ஊறிய மரம் பருத்து, கோடரிக் கண்ணின் இரும்பில் நசுங்கி, உலர்ந்தபின் முன்னிலும் தளர்ந்துவிடுமாதலால் இவ்வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். புதிய ஆப்பு அறைந்து, ஆளிவிதை எண்ணெய் பூசுதலே தக்க பரிகாரம்.

பிளக்கும் முறை

முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட உயரமுள்ள உறுதியான அடிக்கட்டையின்மீது விறகை நிறுத்தவேண்டும். பிளப்பவர் கால்களை அகற்றி நின்று, அடி விழும் தருணத்தில் முழங்கால்களைச் சிறிது மடக்குதல் நலம். கட்டையின் முகத்தில் இயல்பாகவுள்ள வெடிப்பைப் பார்த்து அதன் வழியே அடித்தல் வேண்டும். பெருங்கட்டையை நடுவில் தாக்காது ஓரத்திலிருந்து துண்டு துண்டாக எடுத்துவரலாம். புளி போன்ற பின்னிய நாருள்ள மரங்களுக்கும், கவைகளுக்கும், கணுமிக்க அடித்தூருக்கும் இரும்பு ஆப்பும் சம்மட்டியுமே ஏற்றவை. கோடரியின் பின்புறத்தைச் சம்மட்டியால் அடித்தலாகாது. அதனால் கண் விரிந்து, தலை கெடும். குழந்தைகளை அவ்விடத்தினின்று விலக்கி வைத்தல் வேண்டும். காயம் நேரின் துணியால் அழுத்திக் கட்டி ரத்தத்தை நிறுத்தி, தாமதமின்றி வைத்தியரிடம் சென்று, ரணஜன்னித் தடுப்பு ஊசியையும் போட்டுக்கொள்ளவேண்டும்.

பச்சை விறகின் எடையில் பாதியளவுகூட நீராயிருத்தல் உண்டு. அந்நீர் ஆவியாவதிலேயே சூட்டின் ஒரு பகுதி செலவாகின்றது, புகையும் மிகுகின்றது. பெரும்பாலான மரங்களை வெட்டியவுடன் பிளப்பது எளிது. பிளந்தவை விரைவில் உலரும். ஆகையால் மாசியில் பிளந்து, பங்குனி, சித்திரை வெயிலில் உலர்த்தி, மழைக்கு முன் கூரையின்கீழ் அடுக்கிவிடுதல் உத்தமம்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

கோடரி கையிலுள்ளது என்பதால் எம்மரத்தையும் வெட்டிவிடலாகாது. காப்புக் காட்டு மரங்களைத் தொடுதல் குற்றமாகும். 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அமலிலுள்ள இடங்களில், பட்டா நிலத்து மரமாயினும் முன் அனுமதி பெறுதல் அவசியம். இவற்றைக் கிராம அதிகாரிகள் குடியானவர்களுக்கு முன்னதாகவே எடுத்துரைத்தால், பின்னர் அபராதமும் மனக்கசப்பும் நேராவாம். இரண்டு இரும்பு ஆப்புகளும் ஒரு சம்மட்டியும் ஊர்ப் பொதுவில் வைத்துக்கொள்வதும் நற்பயன் தரும்; அவை ஒவ்வொரு வீட்டுக்கும் நாள்தோறும் தேவைப்படுவனவல்ல.

சுருங்கக் கூறின், பருத்த கன்னமும், தாங்கக்கூடிய எடையும், நாரோட்டம் நேரான நீண்ட காம்பும் உடையதே விறகுக்கு ஏற்ற கோடரி. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் தலையை ஒருமுறை அசைத்துப் பார்த்தல் வேண்டும். அச்சிறு சோதனைக்கு ஆகும் நேரம் ஒரு நொடியே. அதனைத் தவறவிட்டால் ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பே கெடக்கூடும்.