பனிக்கால விடியலில் டீசல் பிக்கப் கிளம்ப மறுத்தால்...

நீலகிரி மாவட்டத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுவது வழக்கம். கேரட், முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றிய பிக்கப் வண்டி அந்த நேரத்தில் கிளம்பாவிட்டால், மேட்டுப்பாளையம் மண்டிக்குச் சரக்கு தாமதமாகப் போய், கிடைக்கும் விலையும் குறையும். பெரும்பாலான கோளாறுகளை விவசாயிகளே கண்டறியலாம்.

காரணம் என்ன?

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரில் அழுத்தப்படும் காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. குளிர்ந்த இரும்பு இந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். மேலும், 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. குளிரில் ஆயில் கெட்டியாகும். பேட்டரியின் திறனும் குறையும்.

என்ஜின் மெதுவாகச் சுற்றினால்

முதலில் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். முனைகளில் பூத்துள்ள பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலைன் தடவ வேண்டும். முழு சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி, ஓய்வு நிலையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். வண்டிக் கையேட்டில் குளிர்ப் பகுதிக்குக் குறித்துள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும்.

நன்றாகச் சுற்றியும் கிளம்பாவிட்டால்

புகைக் குழாயைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால், டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். குளோ பிளக் உள்ள வண்டிகளில் அதைச் சோதிக்க வேண்டும். சாவியை அணைத்து, பிளக்கின் ஒயரைக் கழற்றி, சோதனை விளக்கின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையைப் பிளக்கின் தலையிலும் வைத்தால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பிளக் பழுது. எல்லாப் பிளக்குகளும் சரியாக இருந்தால் ரிலே, பியூஸ் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரை வடித்து, கைப் பம்பு இருந்தால் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அடைத்த வடிகட்டியை மாற்றுவதே நல்லது.

செய்யக் கூடாதவை

குளோ பிளக் உள்ள என்ஜினில் ஈதர் தெளிப்பான் அடித்தால் வெடித்து என்ஜின் உடையலாம். டேங்கின் அடியில் நெருப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து. டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் பம்பு தேயும். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் இயக்காமல், ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி முயல வேண்டும்.

முன்னேற்பாடு

மாலையிலேயே டேங்கை நிரப்பினால் உள்ளே ஈரம் படிவது குறையும். வண்டியைக் கூரையின் கீழ் நிறுத்துவது நலம். காலையில் சாவியைத் திருப்பியதும், சுருள் வடிவ விளக்கு அணையும் வரை பொறுத்துப் பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இத்தனையும் செய்தும் கிளம்பாவிட்டால் சிலிண்டரின் அழுத்தம் குறைந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை. பனிக்காலம் தொடங்கும் முன், நவம்பரிலேயே பேட்டரி, பிளக், வடிகட்டி மூன்றையும் சரிபார்த்துக்கொண்டால் விளைந்த காய் வாடாமல் சந்தை சேரும்.