ஒலி ஒப்புமையும் மொழி உறவும்

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், சென்னைக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே கோவளம் அமைந்துள்ளது. கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்தும் ஒரு கோவளம் உண்டு. தமிழும் மலையாளமும் ஒரே குடும்பத்து மொழிகளாதலின் இப்பெயர் ஒற்றுமை வியப்பளிப்பதில்லை. தொலைநாட்டு மொழியொன்றில் தமிழ்ச்சொல்லை ஒத்த சொல் கிடைப்பின், அதனை மொழியுறவுக்குச் சான்றாகக் கொள்ளலாமா?

கருங்கடலுக்குக் கிழக்கே பேசப்படும் ஜார்ஜிய மொழி, கார்ட்வேலிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மொழியில் ‘மாமா’ என்பது தந்தையையும் ‘தேதா’ என்பது தாயையும் குறிக்கும். தமிழிலோ ‘மாமா’ என்பது தாயுடன் பிறந்தவரைக் குறிக்கிறது. மழலை எளிதில் ஒலிக்கும் ஒலிகளிலிருந்து உறவுப்பெயர்கள் பல மொழிகளில் தனித்தனியே தோன்றுகின்றன. எனவே, இத்தகைய சொற்களைக் கொண்டு மொழியுறவை நிறுவ இயலாது.

மொழியுறவை நிறுவுவது ஒலிமாற்றத்தின் ஒழுங்கே ஆகும். தமிழில் பால், பல், பத்து, புலி என வழங்கும் சொற்கள் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி என வழங்குகின்றன. சொல் முதலில் நின்ற பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறியதை இவை ஒருசேரக் காட்டுகின்றன. ஒரு சொல்லில் காணும் ஒப்புமை தற்செயலாகலாம்; பல சொற்களில் ஒரே முறையில் அமைவது தற்செயலாகாது. பலுசிஸ்தானத்தில் வழங்கும் பிராகுயி மொழியில் கண், கல் என்பன ‘ஃகன்’, ‘ஃகல்’ என்றாகின்றன. இவ்வொழுங்கே அம்மொழியைத் திராவிடக் குடும்பத்தில் சேர்த்தது. தொலைவு அதற்குத் தடையாகவில்லை.

தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816இல் எல்லிஸ் எடுத்துரைத்தார். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் அதனை விரிவாக நிறுவியது. இருபதாம் நூற்றாண்டில் மெக்கல்பின், பண்டைய ஈரானின் ஈலமிய மொழியைத் திராவிடத்தோடு இணைத்தார். உருசிய அறிஞர் இல்லிச்-சுவித்திச், திராவிடம், கார்ட்வேலியம் உள்ளிட்ட ஆறு குடும்பங்களை ‘நாஸ்திராதிக்’ என்னும் ஒரே மூலத்திற்கு உரியனவாகக் கருதினார். இக்கருதுகோள்களை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. காலம் பல்லாயிரம் ஆண்டுகளாக நீளும்போது ஒலிகள் பெரிதும் திரிகின்றன, கடன்சொற்களும் கலக்கின்றன. அந்நிலையில் மரபுவழி ஒப்புமையையும் தற்செயல் ஒப்புமையையும் பிரித்தறிவது கடினம்.

தாய்மொழியின் தொன்மையைப் போற்றுவோர், கேட்டவுடன் மகிழ்வூட்டும் ஒப்புமைகளை ஆராயாது ஏற்றுக்கொள்ள நேர்வதுண்டு. அவ்வாறு கூறப்படும் ஒன்று பொய்யெனத் தெளியும்போது, மெய்யான சான்றுகளும் ஐயத்திற்கு உள்ளாகின்றன. கல்வெட்டும் இலக்கியமும் ஒப்பிலக்கணமும் தமிழின் தொன்மைக்கு உறுதியான சான்றுகளாக உள்ளன. புதிய ஒப்புமை எதனையும் அதே அளவுகோலால் அளந்தறிதல் வேண்டும்.