டாஸுக்கு முன்பே தொடங்கும் ஆட்டம்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய மெஸ்களில் ஐபிஎல் மாதங்களில் சாயங்காலம் ஆனால் ஒரு தகராறு வரும். டிவியில் தமிழா, கன்னடமா? தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் ஒரு பக்கம். தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்கள் மறுபக்கம். சென்னை–பெங்களூரு ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம், மெஸ்காரம்மா ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொள்வார். சின்னசாமி மைதானம் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தானே!

இத்தனைக்கும் ஆட்டம் இன்னும் ஆரம்பித்திருக்காது. ஏழு மணிக்கு டாஸ், ஏழரைக்கு முதல் பந்து. அதற்கு வெகு முன்பே ஸ்டூடியோவில் கோட்டு போட்டவர்கள் பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். காரணம் எளிது. 2023 முதல் 2027 வரை இந்தியாவில் ஐபிஎல்லை டிவியில் காட்டும் உரிமைக்கு ஸ்டார் ஒப்புக்கொண்ட தொகை 23,575 கோடி ரூபாய். ஆட்டத்துக்கு 57.5 கோடி. ஆட்டத்துக்கு 240 பந்து என்று வகுத்தால், பந்து ஒன்றுக்கு ஏறக்குறைய 24 லட்சம்! ஓவர் இடைவெளி விளம்பரம் மட்டும் இதற்குக் காணாது. பேச்சையும் விற்றாக வேண்டும்.

இந்த வியாபாரத்துக்கு இங்கே வழி காட்டியது 2003 உலகக் கோப்பை. செட் மேக்ஸில் சாரு சர்மாவுடன் நடிகை மந்திரா பேடி வந்து உட்கார்ந்தார். கிரிக்கெட் பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். அதுவரை எட்டிப் பார்க்காதவர்களும் டிவி முன் வந்தார்கள். 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியபின் ஸ்ரீகாந்தும் ஆர்.ஜே. பாலாஜியும் நம் வீட்டுக்குள் வந்து சலம்பினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் சென்னைப் பேச்சு. கன்னடத்துக்கு மாற்றினால் அங்கே பெங்களூரு புராணம். இரண்டு மொழியும் தெரிந்து, தெலுங்கிலும் நாலு வார்த்தை பேசும் ஓசூர்க்காரனை இரண்டு ஸ்டூடியோவுமே எதிரணி ரசிகனைச் சீண்டும் ஆளாகத்தான் நினைக்கின்றன. சீண்டல் விற்கிறது, சரி. எத்தனை நாளைக்கு?

சீண்டலை விட்டால் பேச இந்தப் பக்கத்திலேயே கதைகள் உண்டு. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் யார்க்கர் போட்டுத்தான் கண்ணில் பட்டார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். அவரைப் போல ஓசூர், கிருஷ்ணகிரி மைதானங்களில் ஞாயிறுதோறும் பந்து போடுகிறவர்கள் உண்டு. சேனல்காரர்களே, டாஸுக்கு முந்தைய அந்த நேரத்தில் ஒரு பத்து நிமிடம் கேமராவை இந்தப் பக்கம் திருப்புங்கள்.