பிரேக்கில் புகுந்த காற்று

பழைய கார் வாங்குவோர் எஞ்சின் நன்றா என்று கேட்பர். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பர். வண்டியை நிறுத்தும் கருவியைப் பற்றிக் கேட்பவர் சிலரே. மாணவர் நால்வர் கூடிப் பணம் போட்டுக் கார் வாங்குவதும் உண்டாதலால், அக்கருவியைப் பற்றி நாம் அறிந்திருப்பது நலம்.

பிரேக் பெடலை மிதித்தால் அது கெட்டியாக எதிர்த்து நிற்க வேண்டும். அவ்வாறன்றிப் பஞ்சுபோல் அமிழ்ந்தாலும், இரண்டு மூன்று முறை மிதித்த பின்னரே பிடித்தாலும், உள்ளே காற்று புகுந்திருக்கிறதோ என்று ஐயுற வேண்டும். மெக்கானிக்குகள் இதனை 'ஏர் பிடித்திருக்கிறது' என்பர்.

காற்றினால் என்ன கேடு? அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்று கூறியவர் பாஸ்கல். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663-இல் அந்நூல் வெளிவந்தது. கால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. குழாயிலுள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. திரவம் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். பிஸ்டனின் விட்டம் 20 மில்லிமீட்டர் எனில் அதன் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். குழாயில் 1 கன சென்டிமீட்டர் காற்று இருந்தால் அதை நசுக்கவே பிஸ்டன் சுமார் 3.2 மில்லிமீட்டர் நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் 4 எனில், நம் கால் 13 மில்லிமீட்டர் வீணே இறங்கும். காற்று 5 கன சென்டிமீட்டர் ஆனால், வீணாகும் தூரம் 6 சென்டிமீட்டருக்கும் மேல்! பெடல் தரையைத் தொட்டாலும் வியப்பில்லை.

பிரேக் ஆயில் பெயரளவில்தான் எண்ணெய். பெரும்பாலும் அது கிளைகால் ஈதர் வகைத் திரவம், ஈரத்தை ஈர்ப்பது. 'டாட் 3' வகை புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 ஆகத் தாழலாம். இரு பருவமழையும் நனைக்கும் எங்கள் பனச்சமூட்டுப் பக்கம் இது சிறு செய்தியன்று. பொன்முடி மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், சூட்டில் ஆயில் ஆவியாகலாம். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். ஆகவே இறக்கத்தில் கீழ் கியர் வேண்டும். இரண்டு ஆண்டுக்கொருமுறை ஆயிலை மாற்றவும் வேண்டும். ஆயில் குறைந்ததென்று எஞ்சின் ஆயிலை ஊற்றலாகாது. உள்ளிருக்கும் ரப்பர் கப்புகள் ஊதிக் கெடும்.

இனிக் காற்றை எடுக்கும் முறை. முதலில் கசிவு உண்டா என்று பார்த்து அதைச் சரிசெய்க. சமதரையில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, தூக்கிய வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கியில் நிறுத்துக. எஞ்சின் ஓடக் கூடாது. ஆயில் டப்பாவை நிரப்பி, வண்டியின் கையேட்டில் கண்ட வரிசைப்படி ஒவ்வொரு சக்கரமாகத் தொடங்குக. நிப்பிளில் தெளிவான குழாயொன்றை மாட்டி, அதன் மறுமுனையைப் புது ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துக. குளுக்கோஸ் ஏற்றும் குழாயே போதும்.

இது இருவர் வேலை. சென்ற விடுமுறையில் என் மாமாவின் பழைய மாருதிக்கு இதைச் செய்தபோது மாமா பெடலில் இருந்தார்; நான் நிப்பிளில். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லையூர் ஆதலால் மிதிப்பதற்கு எங்கள் சொல் 'சவிட்டு'. 'விடு' என்ற சொல்லை மட்டும் விலக்கினோம். காலை விடுவதா, ஆயிலை விடுவதா என்ற மயக்கம் வருமன்றோ? "சவிட்டுங்க மாமா" என்றால் மெல்ல மூன்று முறை மிதித்து அழுத்திப் பிடிப்பார். "பிடிச்சாச்சு மக்கா" என்று குரல் வந்ததும் நிப்பிளை அரைச் சுற்றுக்குள் திறப்பேன். பெடல் இறங்கும், குமிழிகள் வரும். நிப்பிளை மூடிய பிறகே "காலெடுங்க" என்பேன். மூடுமுன் கால் எழுந்தால், வெளியே போன காற்று மீண்டும் உள்ளே இழுபடலாம். முழு வேலையின் உயிர்நிலை இதுவே.

குமிழி நிற்கும்வரை இவ்வாறு செய்க. இடையிடையே டப்பாவைப் பார்த்து நிரப்புக. அது வற்றினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய வண்டியில் பெடலின் கீழ் மரக்கட்டை ஒன்றை வைத்தல் நலம். பிஸ்டன் வழக்கமில்லாத ஆழம்வரை சென்று, அங்குள்ள துருவில் உராய்ந்து, ரப்பர் கப்பைக் கிழித்துக்கொள்ளாது. வண்டியின் பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே நீரால் கழுவுக.

முடிந்தபின் பெடலை அழுத்திப் பிடியுங்கள். எஞ்சினை இயக்கும்போது சிறிது தாழ்ந்து நின்றால் அது இயல்பு. நில்லாமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கசிவு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அதன் அறைக்குள் காற்று சென்றிருந்தால் பட்டறைக் கருவியின் உதவி வேண்டியிருக்கும். எல்லாம் சரியாயினும் முதல் ஓட்டம் முற்றத்திலேயே, நடை வேகத்திலேயே இருக்கட்டும். வீட்டில் செய்வதால் மிச்சமாகும் சில நூறு ரூபாயைவிட, எதிரே வருபவரின் உயிர் பெரிதன்றோ!