கொசுவின் வயிற்றில் ஏறிவரும் முட்டை

ஈ என்றதும் உணவில் மொய்க்கும் வீட்டு ஈயே நினைவுக்கு வரும். உண்ணாமலே வாழும் ஈயும் உண்டு. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை காணப்படும் மனித 'பாட்' ஈ அத்தகையது. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு.

இதன் பெண் ஈ, முட்டையிட மாட்டையோ மனிதனையோ நாடுவதில்லை. கொசுவையோ வேறு சிறு ஈயையோ பிடித்து, அதன் வயிற்றில் 15 முதல் 30 முட்டைகள் வரை ஒட்டிவிடுகிறது. அக்கொசு குருதி குடிக்க அமர்ந்ததும், உடற்சூடு பட்டு முட்டை பொரிகிறது. வெளிப்பட்ட புழு தோலினுள் புகுகிறது. மாடும் நாயும் மனிதனும் இவ்வொட்டுண்ணிக்கு ஓம்புயிர்கள் ஆவர்.

தோலுக்கடியில் 5 முதல் 10 வாரம் வளரும் புழு, மூச்சுக்காக ஒரு சிறு துளையைத் திறந்தே வைத்திருக்கும். ஆறாத கொப்புளம் போலத் தோன்றுவது இதுவே. புழுவின் உடலைச் சுற்றி முட்கள் இருப்பதால், வலிந்து இழுத்தால் அறுந்து உள்ளே தங்கிச் சீழ் வைக்கும். வாசலின் பூசித் துளையை அடைத்தால், மூச்சு முட்டி மேலே வரும். அப்பொழுது மருத்துவர் எடுத்துவிடுவார்.

முற்றிய புழு தானே வெளியேறி, மண்ணுள் கூட்டுப்புழுவாகி, ஈயாகிறது. ஓம்புயிர் மாண்டால் புழுவும் மாளும். ஆகவே தங்கிய வீட்டை இடிக்காமலே இவ்விருந்தாளி விடைபெறுகிறது.