வேலில போன இகுவானா!

'வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை'னு நம்ம ஊர்ல கிண்டலா சொல்வாங்க. இப்ப அதையே காசு கொடுத்து செஞ்சுட்டிருக்கோம் பாஸ்! பெட் ஷாப்ல கண்ணை உருட்டிப் பார்த்த பச்சை இகுவானா குட்டியைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா? ஸ்கேல் நீளத்துல இருக்கிற அந்தக் குட்டி, நல்லா வளர்ந்தா வாலோட சேர்த்து அஞ்சடி, ஆறடி. ஆயுசு 15 வருஷத்தைத் தாண்டும். உங்க டிகிரியைவிட, அரியரைவிட நீண்ட பந்தம்!

முதல்ல ஒரு விஷயம். காட்டுல சோர்வாத் தெரியற பிராணியைத்தான் பருந்து முதல்ல தூக்கும். அதனால இகுவானா தன் நோயை மறைக்கும். நமக்கு வெளியே தெரியறப்போ நோய் முத்தியிருக்கும். வாரம் ஒரு தடவை தராசுல நிறுத்து நோட்டுல எழுதுங்க. குட்டிக்கு எடை ஏறிட்டே இருக்கணும். ஏறலைன்னா எங்கேயோ கோளாறு. மருந்தைத் தேடறதுக்கு முன்னாடி சூடு, வெயில், இலை... இந்த மூணையும் செக் பண்ணுங்க.

'சாப்பிடவே மாட்டேங்குது!'

வந்த புதுசுல சில நாள் பயத்துல சாப்பிடாது. தூக்கிக் கொஞ்சாம, மறைவா ஒரு கிளை வெச்சு விட்டுடுங்க. அதுக்கப்புறமும் சாப்பிடலைன்னா தெர்மாமீட்டரை எடுங்க. இகுவானா உடம்பு தானா சூடு பண்ணிக்காது. சூடு இல்லைன்னா சாப்பிட்டது செரிக்காது. கூண்டுல ஒரு பக்கம் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 28 டிகிரி போல இருக்கணும். எது வேணுமோ அங்க அதுவே போய் உட்கார்ந்துக்கும். உடம்பு கறுத்து, சுருண்டு கிடந்தா குளிருதுன்னு அர்த்தம். மார்கழி ராத்திரி கரன்ட் போனா பல்பும் போயிடும், ஞாபகம் இருக்கட்டும்.

'கை கால் நடுங்குது, தாடை வீங்குது!'

தொடை கொழுகொழுன்னு ஆனதும் 'நல்லா வளருது'ன்னு சந்தோஷப்படாதீங்க. எலும்புல கால்சியம் கரைஞ்சு போற நோயா இருக்கலாம். குட்டிகளுக்கு வர்ற பெரிய எமன் இதுதான். தாடை ரப்பர் மாதிரி வளையும், லேசா விழுந்தாலே கால் உடையும்.

காரணம் சிம்பிள். வெயில்ல இருக்கிற யுவி-பி கதிர் தோல்ல பட்டாத்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தாத்தான் உடம்பு கால்சியத்தை எடுத்துக்கும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துடும். சும்மா பல்புல சூடு வரும், யுவி-பி வராது. தஞ்சாவூர்ல வெயிலுக்கா பஞ்சம்? காலை வெயில்ல அரை மணி நேரம் கம்பி வலைக் கூண்டுல வைங்க, பாதிக் கூண்டு நிழல்ல இருக்கட்டும். கண்ணாடித் தொட்டியோட வெயில்ல வெச்சா வெந்துடும், ஜாக்கிரதை! யுவி-பி ட்யூப் வாங்கியிருந்தா, எரிஞ்சாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாத்தணும். வெளிச்சம் இருக்கும், கதிர் குறைஞ்சிருக்கும்.

அடுத்தது இலை. இகுவானா சுத்த சைவம். முட்டை, பூச்சி கொடுத்தா நாளடைவுல கிட்னி போயிடும். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, பூ, துருவின பூசணி போடுங்க. எப்பவாவது ஒரு துண்டு பப்பாளி. பாலக், சிறுகீரையில இருக்கிற ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும், அதனால தினமும் வேண்டாம். வயல் வரப்புல பறிச்ச கீரை வேண்டவே வேண்டாம். பக்கத்து நெல்லுக்கு அடிச்ச மருந்து அதுலயும் பட்டிருக்கும்.

'தும்மிட்டே இருக்கு!'

மூக்கோரம் வெள்ளையாப் பொடி ஒட்டியிருக்கா? அது உப்பு. வேண்டாத உப்பை இகுவானா மூக்கு வழியாத்தான் வெளியேத்தும். நோ டென்ஷன். ஆனா வாயைத் திறந்தே மூச்சு விட்டு, எச்சில் நுரை கட்டினா நுரையீரல் பிரச்னை.

'தோல் உரியுது, வாலால அடிக்குது!'

தோல் திட்டுத்திட்டா உரியறது நார்மல். பிய்க்காதீங்க, தண்ணி தெளிங்க. விரல்லயும் வால் நுனியிலயும் பழைய தோல் வளையம் மாதிரி இறுகினா ரத்தம் ஓடாம அந்த விரலே போயிடும். வெதுவெதுப்பான தண்ணில ஊற வைங்க. தலையை ஆட்டி, தாடைத் தோலை விரிச்சா 'கிட்ட வராதே'ன்னு அர்த்தம். மேலேருந்து வர்ற கை அதுக்குப் பருந்து, பக்கவாட்டுல போங்க. வாலைப் பிடிச்சு இழுத்தா கையோட வந்துடும். ரெண்டு குட்டி ஒரே கூண்டுல இருந்தா ஒண்ணு ராகிங் பண்ணும், இன்னொண்ணு பட்டினி கிடக்கும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

உடனே டாக்டர்!

நடுக்கம், வலிப்பு, தாடை வீக்கம், வாய்ல நுரை, பின்னங்கால் இழுத்துக்கறது... இதுல எது வந்தாலும் வீட்டு வைத்தியம் கூடாது. நம்ம மாத்திரையைப் பாதி உடைச்சுக் கொடுக்கறதும் கூடாது. பட்டுக்கோட்டை ரூட்ல ஒரத்தநாட்டுல அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. ஊர்வன பார்க்கிற டாக்டர் உண்டான்னு போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க. சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி.

சட்டம் என்ன சொல்லுது?

இகுவானா, சைட்டிஸ் சர்வதேச ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கு. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தம், 2024-ல் வந்த விதிகளின்படி, பரிவேஷ் இணையதளத்துல பதிவு செஞ்சுதான் வளர்க்கணும். பில், பேப்பர் இல்லாம வாங்காதீங்க. 'இதுவும் பல்லி இனம்தானே'ன்னு வயல்ல திரியற உடும்பைப் பிடிச்சா 3 முதல் 7 வருஷம் கம்பி எண்ணணும்!

போரடிச்சா, புதாற்றங்கரையில விட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுல அப்படி விட்டதெல்லாம் பெருகி, வாய்க்கால் கரையெல்லாம் வளை தோண்டுது. 2020 ஜனவரியில, 'குளிர்ல விறைச்சு மரத்துலேருந்து இகுவானா விழலாம்'னு மயாமி வானிலை அலுவலகம் எச்சரிக்கையே விட்டுச்சு. நம்ம டெல்டாவுல விறைச்சு விழற அளவு குளிரும் கிடையாது. கரையை நம்பித்தான் நம்ம ஊர்ல நெல்லே விளையுது.

படிப்பு முடிஞ்சு வேலைக்கு வெளியூர் போனா, குட்டியை யார் பார்த்துப்பாங்க? இதுக்குப் பதில் இருந்தா வாங்குங்க பாஸ். இல்லைன்னா வேலி ஓணானை வேலியிலயே ரசிங்க. அது காசும் கேட்காது, கால்சியமும் கேட்காது!